கேட்காமல் கொடுத்த நம்பர்

இதை எழுத உட்காரும்போதே கோபம்தான் முதலில் வருகிறது. வரட்டும். ஆறிப்போன பிறகு எழுதினால் நான் செய்ததையும் சேர்த்து மழுப்பிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

புது ஆட்களை இழுப்பதற்குச் சென்னைக் கம்பெனி ஒன்று ஒரு திட்டம் போட்டது. எதற்குள் இழுக்க? பலர் சேர்ந்து வைத்துக்கொள்கிற ஒரு விலாசப் புத்தகத்துக்குள். காகிதப் புத்தகம் இல்லை, செல்போனில் இருப்பது. சொந்தக்காரர் ஒருவர் வீடு மாறினால் யாராவது ஒருவர் திருத்தினால் போதும், எல்லோருடைய போனிலும் மாறிவிடும். யார் எந்த ஊர், என்ன நம்பர், பிள்ளைக்குப் பிறந்தநாள் எப்போது, வளைகாப்பு எப்போது, எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சாஃப்ட்வேரைச் செய்தவன் என் தம்பி. அதற்குள் போட முதல் நோட்டைக் கொடுத்தவள் நான். அதற்கு நாங்கள் வைத்த பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லவே இன்றைக்கும் பிடிக்கவில்லை.

நோட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1993இல் திண்டிவனத்தில், பஸ் வந்து திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில், எனக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனவள் நான். அந்தக் காலைக் காட்டித்தான், ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் பூத் வாங்கினேன். அதுவரைக்கும் தண்டக் கால், தண்டக் கால் என்று திட்டிக்கொண்டிருந்த என் அப்பா அன்றைக்கு வாயை மூடினார்.

அப்போது கிராமத்தில் வீட்டுக்கு வீடு போன் ஏது? வல்லத்தில் ஒரு உரக்கடையில் போன் இருக்கும். அந்த நம்பரையே தெருவில் பாதிப் பேர் பி.பி. என்று போட்டுத் தங்கள் நம்பராகச் சொல்லுவார்கள். இங்கிருந்து கூப்பிட்டு, இன்னார் வீட்டு ஆளைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டும். மரக்காணம் பக்கத்துக் குப்பங்களுக்கு என்றால் ஐஸ் கம்பெனி போன். அங்கே கூப்பிட்ட ஆள் கடலுக்குப் போயிருந்தால் அன்றைக்குப் பேச்சே இல்லை, போய்விட்டு நாளைக்கு வர வேண்டியதுதான்.

ஜனங்கள் நம்பரைச் சிகரெட் அட்டையிலும் பஸ் டிக்கெட்டிலும் எழுதிக்கொண்டு வருவார்கள். இடுப்பில் செருகி வியர்வையில் ஊறி, ஒன்றா ஏழா என்று தெரியாமல் நிற்பார்கள். தப்பான நம்பரைச் சுற்றிவிட்டு என்னோடு சண்டைக்கு வருவார்கள். பேஜாராகப் போய்விட்டது. ஒரு நீள நோட்டு வாங்கி நானே எழுத ஆரம்பித்தேன். ஊர் ஊராகப் பக்கம் பிரித்து, ஊருக்குள் வீடு வீடாக. வருகிறவர்கள் தாங்களும் சொல்லிக்கொடுத்தார்கள். "யக்கா, எங்க சித்தப்பா நம்பர் மாறிப்போச்சு, மாத்திக்குங்க" என்பார்கள். அவர் வீட்டுக்குப் பேச வருகிற மற்ற ஏழெட்டுப் பேருக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும். மூன்று நோட்டு ஆயிற்று. என்னைப் போன்கார அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

என் நோட்டில் ஒரே ஒரு சட்டம். ஒருத்தர் நம்பரை இன்னொருத்தர் கேட்டால் எடுத்துக் கொடுக்க மாட்டேன். "இருங்க, கேட்டுட்டுச் சொல்றேன்" என்பேன். அந்த ஆளைக் கூப்பிட்டு, இன்னார் உங்கள் நம்பர் கேட்கிறார், கொடுக்கவா வேண்டாமா என்று கேட்பேன். கொடு என்றால் கொடுப்பேன். வேண்டாம் என்றால், லைன் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இந்தச் சட்டத்தைச் சும்மா போடவில்லை. பூத் திறந்த புதிதில், மாமா முறை என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவனிடம் ஒரு நர்ஸ் பெண்ணின் ஹாஸ்டல் நம்பரைக் கொடுத்துத் தொலைத்தேன். நாலாம் நாள் அந்தப் பெண் பூத் வாசலில் நின்று அழுத அழுகையைப் பார்த்த பிறகு போட்டது. பெரிய மனிதர்கள் எல்லாம் கோபித்துக்கொண்டார்கள், இவள் யார் எங்களை நிறுத்தி வைக்க என்று. நிற்கட்டுமே, என்ன இப்போது?

அந்தக் காலத்தில்தான் அவள் வந்தாள். வல்லத்துப் பெண். கிளியனூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள், சொந்த நிலம் வைத்துக் கரும்பும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். கல்யாணமாகி மூன்று மாதம் இருக்கும். அம்மாவிடம் பேச வேண்டும் என்று வந்து, உரக்கடை பி.பி. நம்பரைச் சொல்லிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து தன் வளையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். லைன் கிடைத்ததும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று மட்டும் நாலு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் வந்தபோது, புருஷன் அடிக்கிறான் என்று அவளே சொன்னாள்.

நோட்டில் அவளை எழுதினேன். எப்படி எழுதினேன் என்பதுதான் இங்கே விஷயம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கென்று தனியாகப் பக்கம் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் இன்னார் மகள் என்று அப்பன் பெயருக்குக் கீழே இருப்பாள். தாலி ஏறியதும் அங்கே அடித்துவிட்டு, கிளியனூர்ப் பக்கத்தில் புருஷன் பெயருக்குக் கீழே, இன்னார் சம்சாரம் என்று எழுத வேண்டும். பத்திரிகை வைக்கிற லிஸ்டிலும் அப்படித்தான், ரேஷன் கார்டிலும் அப்படித்தான். நானும் அப்படித்தான் எழுதினேன். எனக்கு அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை.

பத்து வருடத்துக்கு மேல் அடி வாங்கினாள். ஒரு பெண் குழந்தை. கடைசியில் ஒருநாள் கையில் ஒரு பையோடும், பள்ளிக்கூடச் சட்டை போட்ட பெண்ணோடும் பூத்துக்கு வந்தாள். வல்லத்துக்குப் போனால் அண்ணன்மார்கள் அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள் என்றாள். வளவனூரில் எனக்குத் தெரிந்த ஒரு தையல்காரம்மா இருந்தார். அவருக்குப் போன் போட்டுப் பேசினேன். அவளை அனுப்பி வைத்தேன். அங்கே ரவிக்கை தைத்து, பின்சந்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்து, பெண்ணைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு செல்போன் வாங்கியதும் முதலில் எனக்குத்தான் போன் பண்ணினாள். நான் நோட்டைத் திருப்பி, பழைய நம்பரை அடித்துவிட்டு, அதே இடத்தில் புது நம்பரை எழுதி, ஓரத்தில் "வளவனூர், பின்சந்து, மாடி, தையல்" என்று குறித்துக்கொண்டேன். அந்த நம்பர் என்னையும் தையல்காரம்மாவையும் அவள் அம்மாவையும் தவிர யாருக்கும் தெரியாது. புருஷன் மூன்று முறை என்னிடம் வந்து கேட்டான். முதல் தடவை கெஞ்சினான். இரண்டாம் தடவை மிரட்டினான். மூன்றாம் தடவை குடித்துவிட்டு வந்து கண்ணாடிக் கதவை உதைத்தான். மூன்று முறையும் லைன் கிடைக்கவில்லை என்றே சொன்னேன்.

அவள் எட்டு வருடம் நிம்மதியாக இருந்தாள். அந்த நிம்மதி முழுக்க அவன் கண்ணில் படாத ஒரு நம்பரில் நின்றது.

இதற்கிடையில் பூத் படுத்துவிட்டது. எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு என்னைத் தேடி எவன் வருவான்? ஜெராக்ஸ் மெஷின் ஒன்றும் ரீசார்ஜ் கார்டும் வைத்துக் கடையை ஓட்டினேன். என் தம்பி விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தான். கடைக்கு வரும்போதெல்லாம் அந்த நோட்டைப் புரட்டிப் பார்ப்பான். ஒருநாள், "இதையே போன்ல பண்ணா இன்னாக்கா? ஊரே சேர்ந்து ஒரு நோட்டு எழுதற மாதிரி" என்றான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. இவ்வளவு வருடம் எழுதியது வீணாகப் போகாது என்று நினைத்தேன். அவன் செய்தபோது என் சட்டத்தையும் விடாமல் உள்ளே வைத்தான். ஒருவர் நம்பரை இன்னொருவர் தொட்டால் நம்பர் தெரியாது, "கேட்டுச் சொல்கிறோம்" என்று வரும். அந்தப் பக்கம் இருப்பவர் சரி என்று அழுத்தினால்தான் நம்பர் திறக்கும். அதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

மூன்று நோட்டையும் நானே உட்கார்ந்து டைப் செய்து கொடுத்தேன். ஒற்றை விரலால், நாலு மாதம். ஊர், வீடு, தலைவர், தலைவருக்குக் கீழே ஆட்கள். நோட்டில் எப்படி இருந்ததோ அப்படியே. தம்பி ஒவ்வொரு வீட்டுக்கும் "குடும்பம்" என்று ஒரு கட்டம் போட்டிருந்தான். கிளியனூர் வந்தபோது அவள் புருஷன் பெயரை டைப் அடித்தேன். அதற்குக் கீழே அவளை அடித்தேன். புது நம்பரோடு, வளவனூர், பின்சந்து, மாடி, தையல் என்று எல்லாவற்றோடும். விரல் ஒரு நொடி கூட நிற்கவில்லை. இதை நினைத்தால் என்னையே நாலு அறை அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆரம்பத்தில் ஆட்கள் மெதுவாகத்தான் சேர்ந்தார்கள். மீன் வண்டிக்காரர்கள் சேர்ந்தார்கள், மல்லாட்டை மண்டியில் இருப்பவர்கள் சேர்ந்தார்கள். ரீசார்ஜ் பண்ண வருகிறவர்களிடம் நான் எடுத்துச் சொல்லுவேன். பத்துப் பேரிடம் சொன்னால் ஒருவர் போடுவார். அந்த ஒருவரும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, "யாரையும் காணோமேக்கா, காலியா கீது" என்று போய்விடுவார். தம்பி சோர்ந்துபோனான். அந்த நேரத்தில்தான் சென்னையில் ஒரு கம்பெனி இதை எடுத்து வளர்க்கிறேன் என்று முன்னால் வந்தது. அவர்கள் அனுப்பிய ஆள் காரில் வந்து, விழுப்புரம் சென்டரில் சுவரில் வெளிச்சம் அடித்துப் படம் காட்டினார். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல மனிதர். என் காலைப் பார்த்துவிட்டு எழுந்து நாற்காலி போட்டார். எனக்குத் தனியாகச் சர்க்கரை இல்லாத டீ வாங்கிவரச் சொன்னார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே வாசலைக் காட்டியிருப்பேன்.

அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன். கல்யாண மண்டபத்துக்குள் நுழைகிறவனுக்கு முதல் நிமிடத்தில் தெரிந்த முகம் ஒன்று கண்ணில் பட வேண்டும், இல்லையென்றால் கை கழுவுகிற இடம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடுவான் என்றார். சரிதானே? புதிதாக வருகிறவனுக்கு உள்ளே நுழைந்ததுமே அவனுடைய ஆட்களைக் காட்ட வேண்டும், அதற்கு இந்தக் "கேட்டுச் சொல்கிறோம்" தடையாக நிற்கிறது என்றார். கேட்டு, அவர் பார்த்து, பதில் அழுத்துவதற்குள் இரண்டு நாள் ஆகிவிடுகிறது, வந்தவன் அதற்குள் அழித்துவிட்டுப் போய்விடுகிறான் என்று கோடு கோடாக வரைந்து காட்டினார்.

நான் விடவில்லை. நர்ஸ் பெண் கதையைச் சொன்னேன். கேட்காமல் கொடுக்கிற நோட்டு என் நோட்டே இல்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒருமுறை கூட வாட்சைப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டு, "சரிங்கம்மா. வெளி ஆளுங்களுக்குக் கேட்டே குடுப்போம், அதுல கை வைக்கல. ஒரே குடும்பத்துக்குள்ள எதுக்குங்கம்மா கேக்கணும்? புருஷன் நம்பரைப் பொண்டாட்டிக்குக் காட்ட யார்கிட்டப் பர்மிஷன் வாங்கறது?" என்றார்.

தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினேன். அன்றைக்கு அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். பொண்டாட்டி நம்பரைப் புருஷனுக்குக் காட்டுவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவருக்குத் தெரியாது, விட்டுவிடலாம். என் தம்பிக்கும் அவள் கதை அரைகுறையாகத்தான் தெரியும். எனக்கு? கதவை உதைத்தவனை மூன்று முறை திருப்பி அனுப்பியவள் நான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? குடும்பம் என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் என் மூளை அப்படியே படுத்துக்கொண்டது.

திட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. நோட்டில் பெயர் இருந்தும் இன்னும் சேராதவர்கள் எல்லோருக்கும் ஒரு மெசேஜ் போகும். "உங்கள் குடும்பத்தினர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். தொட்டுப் பாருங்கள்" என்று. படித்துக் காட்டியபோது நல்லாத்தான் இருக்கிறது என்றேன். ஐயோ, என் வாயில் மண்ணைப் போட.

திட்டம் பலித்தது. அதுவும் எப்படிப் பலித்தது என்கிறீர்கள்! ஒரே மாதத்தில் ஊரே சேர ஆரம்பித்தது. துபாயில் இருப்பவன் திண்டிவனத்தில் இருக்கும் சித்தி பிள்ளையைக் கண்டுபிடித்தான். வாழ்த்து மேல் வாழ்த்து பறந்தது. சென்னையிலிருந்து தம்பிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அவன் கடைக்கு வந்து எனக்கு ஜாங்கிரி ஊட்டினான். நானும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம், காலை பத்து மணி இருக்கும், ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து போன்.

"அக்கா, வாசல்ல வந்து நிக்கிறான்க்கா."

யார் என்று நான் கேட்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு, பஸ் பிடித்து விழுப்புரம் போய், அங்கிருந்து புதுச்சேரி வண்டியில் ஏறி வளவனூரில் இறங்கினேன். இந்தக் காலை வைத்துக்கொண்டு ஜல்தியாகப் போக முடியுமா? போய்ச் சேர மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது. அதற்குள் தெருவில் இருந்தவர்கள் சேர்ந்து அவனைத் துரத்தியிருந்தார்கள். மாடிப்படியில் தையல் மெஷின் தலைகீழாகக் கிடந்தது. அவள் மகள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, யார் கூப்பிட்டும் திறக்காமல் இருந்தாள். அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்து, கொட்டிக் கிடந்த ஊக்குகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

எப்படித் தெரிந்ததாம் அவனுக்கு என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குள் பதில் எழும்பிவிட்டது. ஆனாலும் கேட்டேன். அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"போனைத் தூக்கிக் காமிச்சான்க்கா. நீ காத்துக்கினு இருக்கேன்னு மெசேஜ் வந்துச்சுடி, அதான் வந்தேன்னான். என் பேரு, அவன் பேரு, சம்சாரம்னு போட்டு, கீழ வளவனூர், பின்சந்து, மாடி, தையல்னு இருந்துச்சு. இப்படி எழுதறது நீங்க ஒருத்தர்தான்க்கா."

திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. ஊக்கு பொறுக்கிக்கொண்டே இருந்தாள். நான் அங்கேயே படியில் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன், சென்னைக்காரர் வந்தது, குடும்பத்துக்குள் எதற்குக் கேட்க வேண்டும் என்றது, நான் தலையாட்டியது, எல்லாம். ஒன்றையும் ஒளிக்கவில்லை. எட்டு வருடம் முன்னால் அவளைக் கிளியனூர்ப் பக்கத்திலிருந்து அடித்துவிட்டு, வளவனூர் என்று ஒரு பக்கம் திறந்து, அவள் பெயரை அவள் பெயராகவே எழுதியிருந்தால் அவன் போனில் அவள் வந்திருக்க மாட்டாள். அதையும் சொன்னேன். அவளுக்கு இந்தக் கட்டம், குடும்பம் எல்லாம் புரிந்ததா என்று தெரியாது. நான் இன்னும் அவன் பொண்டாட்டியாகத்தான் உங்கள் நோட்டில் இருந்தேனா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அங்கிருந்தே சென்னைக்காரருக்குப் போன் போட்டேன். என் வாழ்நாளில் ஒரு மனிதரிடம் அப்படிக் கத்தியதில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் அப்போதும் மரியாதையாகத்தான் பேசினார். ரொம்ப வருத்தமாக இருக்கிறது, உடனே அவர்கள் பெயரை எடுத்துவிடுகிறோம் என்றார். மெசேஜை நிறுத்துங்கள், குடும்பத்துக்குள்ளேயும் கேட்டுக் கொடுங்கள் என்றேன். அதற்குத்தான் அவர் அந்தப் பதிலைச் சொன்னார்.

"எங்கேயோ ஒருத்தருக்கு இப்படி ஆகுறதை வச்சு மொத்தத்தையும் மாத்த முடியாதுங்கம்மா. இத்தனை குடும்பம் சந்தோஷமா சேர்ந்திருக்கு, அதையும் பாருங்க."

எங்கேயோ ஒருத்தராம்! அந்த எங்கேயோ ஒருத்தி என் முன்னால் படியில் உட்கார்ந்து ஊக்கு பொறுக்குகிறாள். இவருடைய சுவரில் ஒரு கோடு மேலே ஏற வேண்டும் என்பதற்காக, அடித்தவனுக்கு நாமே ஆள் அனுப்பி, அவள் உனக்காகக் காத்திருக்கிறாள், வந்து கூட்டிக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறோம். அவள் காத்திருந்தாளா? எவனய்யா கேட்டான் அவளை? புது ஆளை உள்ளே இழுக்கிறேன், இழுக்கிறேன் என்று பேசினீர்களே, உள்ளே இருந்தவளைத் தெருவில் இழுத்து விட்டீர்களே! இதையெல்லாம் அவரிடமே சொன்னேனா, போனை வைத்த பிறகு சொன்னேனா என்று இப்போது ஞாபகமில்லை.

பெயரை எடுத்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், அன்றைக்குச் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன பிரயோஜனம்? அவன் போனில் பார்த்ததைத் தன் அக்கா, மச்சான், சித்தப்பன் மகன் என்று எல்லோருக்கும் அனுப்பியிருந்தான். ஆள் மாற்றி ஆள் கூப்பிட ஆரம்பித்தார்கள். குடும்ப மானம் போகிறது, திரும்பி வா என்று ஒருத்தி. பெண்ணையாவது அனுப்பு, அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கணும் என்று ஒருத்தன். பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளையாம். அவன் மறுபடியும் வந்தான். மறுநாளும் வந்தான். எதிரில் டீக்கடையில் உட்கார்ந்து மாடியையே பார்த்துக்கொண்டிருப்பான். தெருக்காரர்கள் எத்தனை நாள் வேலையை விட்டுவிட்டு அவனைத் துரத்துவார்கள்? வீட்டுக்கார அம்மா நல்லவர். ஆனாலும் வயதுப் பிள்ளைகள் இருக்கிற வீடு, வேறு இடம் பார்த்துக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டார்.

தம்பிக்கும் எனக்கும் அந்த வாரம் நடந்த சண்டை எங்கள் அப்பா அம்மா சாவிலும் நடந்ததில்லை. இந்தச் சனியனை நிறுத்துடா என்றேன். என் கையில் இல்லைக்கா, எல்லாம் சென்னையில் இருக்கிறது, எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றான். நீயெல்லாம் ஒரு மனுஷனா என்றேன். அதுவரைக்கும் தலையைக் குனிந்து கேட்டவன் அப்போதுதான் நிமிர்ந்தான். "அவ பக்கத்தை டைப் பண்ணிக் குடுத்தது யாருக்கா? நானா, சென்னைக்காரனா?" என்றான். நான் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் திறந்தபோது, வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கூடப் பெண். பெண்ணின் தோளில் பள்ளிக்கூடப் பை. அவள் கையில் இரண்டு மூட்டை. தையல் மெஷின் இல்லை, விற்றுவிட்டாளா, யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்தாளா, தெரியவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நின்றபடியே பேசினாள். எந்த பஸ் என்று சொல்லவில்லை. காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்குச் சாப்பிட்டோம் என்றாள். பெண்ணின் முகத்தைப் பார்த்தால் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. பக்கத்துக் கடையில் இட்லி வாங்க என் கடைப் பையனை அனுப்பப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டித் தடுத்துவிட்டாள்.

"உங்க போனை எடுங்கக்கா" என்றாள்.

எடுத்தேன்.

"அதுல என் நம்பர் இருந்தா அழிச்சுடுங்க. என் எதிர்லயே அழிங்க."

அழித்தேன். அவள் கிட்டே வந்து, திரையில் பெயர் போய்விட்டதா என்று பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியில் இருந்த நோட்டைக் கேட்டாள். இரண்டாவது நோட்டை எடுத்து, கிளியனூர்ப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்தாள். இன்னார் சம்சாரம் என்ற வரிக்குப் பக்கத்தில் விரலை வைத்து, அந்த ஒரு வரியை மட்டும் கிழிக்க முடியாமல், முழுப் பக்கத்தையும் மெதுவாகக் கிழித்து எடுத்தாள். மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் இன்னும் பதினோரு வீடு இருந்தது.

வண்டி வந்துவிட்டது என்று பெண் சொன்னாள். இருவரும் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே காலை இழுத்துக்கொண்டு நடந்து போய், புது நம்பர் வாங்கிவிட்டாயா என்று கேட்டேன்.

"வாங்கிட்டேன்க்கா."

பஸ் படியில் காலை வைத்தாள். சொல்லிவிட்டுப் போவாள் என்று, பேனாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

"உங்ககிட்ட குடுக்க மாட்டேன்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, பெண்ணை முன்னால் ஏற்றிவிட்டு, தானும் ஏறிக்கொண்டாள்.